முந்நூறு காலண்டருக்கு ஒரு பயணம்

ஆகஸ்ட் 2, 2024, வெள்ளி. முசிறி – மதுரை – விருதுநகர்

ஆடிப்பெருக்குக்கு எங்கள் ஊரே காவிரிப் படித்துறையில் இருக்கும். அப்பா மட்டும் சிவகாசியில் இருப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். முசிறியில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், ரசீது புத்தகம், இரவு எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினாலும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். வருஷக் கடைசியில் ஊர்க் கடைக்காரர்களுக்குக் காலண்டர். அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தைச் சிவகாசியில் ஆடி 18 அன்றுதான் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதைப் பார்த்து ஆர்டர் கொடுக்க அப்பா முந்தின நாளே பஸ் ஏறிவிடுவார். திரும்பி வர நாலு நாள் ஆகும். தீபாவளியன்றும் மத்தியானம் வரைக்கும் கடை திறக்கிற மனுஷன், வருஷத்தில் கடையைப் பூட்டுவது அந்த நாலு நாள்தான்.

அப்பா போன வருஷம் மாசியில் இறந்துபோனார். அந்த ஆடியில் யாருக்கும் காலண்டர் ஞாபகம் வரவில்லை. மார்கழி வந்ததும் மளிகைக்கடைக்காரர், உரக்கடைக்காரர், டீக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து கேட்க, தம்பிக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. அவன் இப்போது அதே கடையில் ஜெராக்ஸும் ஃபிளெக்ஸ் டிசைனும் செய்கிறான். இந்த வருஷம் போட்டே தீர வேண்டும் என்றானே தவிர, "ஆல்பம் வாட்ஸ்அப்புலயே பிடிஎஃபா வரும்க்கா, நீ எதுக்கு அலையுற?" என்றும் சொன்னான். எனக்குப் போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நாலு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அம்மா வாழையிலையில் புளிசாதமும் தேங்காய்த் துவையலும் கட்டிக் கொடுத்தாள். அப்பாவுக்கும் ஒவ்வொரு ஆடிக்கும் இதே கட்டுச்சோறுதான். கடைச் சாப்பாடு அவருக்கு வயிற்றுக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஊர்ந்துதான் போனது. மேட்டூர் அணை 30-ஆம் தேதியே 120 அடியைத் தொட்டு, வந்த தண்ணீரையெல்லாம் அப்படியே திறந்துவிட்டிருந்தார்கள். மணல் மட்டுமே பார்த்துப் பழகிய கொள்ளிடம் கரை முட்ட, செம்பழுப்பாக ஓடியது. பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் ஜனங்கள் வரிசையாக நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரே ஒரு நிமிஷம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கிப் புளிசாதத்தைச் சாப்பிட்டேன். சிவகாசி லாட்ஜ்களில் போன் போட்டுக் கேட்டால் எங்கும் இடமில்லை. ஆல்பம் பார்க்க வெளியூர் ஏஜெண்டுகள் வந்து இறங்கியிருப்பார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு லாட்ஜில், "தனியாவா வர்றீங்க?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, இடமில்லை என்றார்கள். இடம் இல்லையா, எனக்கு இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. விருதுநகரில் ஓர் அறை கிடைத்தது. 900 ரூபாய், மின்விசிறி ஓடினால் கட்டிலும் சேர்ந்து ஆடும்.

விருதுநகர் வந்து எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடாமல் இருக்க முடியுமா? வட்டக் கல்லில் நடுப்பள்ளத்தில் எண்ணெய் குளம் கட்டி நிற்க, புரோட்டாவை அதில் மூழ்கவிட்டுப் பொன்னிறமாக எடுக்கிறார்கள். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கிறது. பரிமாறியவர் கேட்காமலேயே அதைக் கையால் நொறுக்கி, சால்னாவை ஊற்றிவிட்டு, "ஊறட்டும்க்கா, ரெண்டு நிமிசம் பொறுங்க" என்று அடுத்த மேஜைக்குப் போனார். பொறுத்தேன். புரோட்டா ஒன்று 20 ரூபாய், சால்னா எத்தனை தடவை கேட்டாலும் இலவசம். மூன்று சாப்பிட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப்பெருக்கு. சிவகாசி

காலையிலேயே ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டது. சிவகாசி பஸ் நிலையத்தில் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் கண்ணில் மண். சாலையின் இரண்டு பக்கமும் பட்டாசுக் கடை போர்டுகள்: 80 சதவீதம் தள்ளுபடி, 90 சதவீதம் தள்ளுபடி. இன்னும் கொஞ்சம் போனால் காசும் கொடுத்துப் பட்டாசும் கொடுப்பார்கள்போல.

இந்த ஊருக்கு அச்சுத் தொழில் வந்ததே தீப்பெட்டியால்தான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதை எத்தனை நாளைக்கு வெளியூரில் அடித்துக்கொண்டு இருப்பது என்று இங்கேயே அச்சு இயந்திரங்களை இறக்கினார்கள். லேபிள் அடிக்க வந்த மெஷின் காலண்டரும் அடித்தது, பாடப்புத்தகமும் அடித்தது, டைரியும் அடித்தது. மழை குறைந்த பூமி, தாளும் சீக்கிரம் காயும், வெடியும் சீக்கிரம் காயும். இதையெல்லாம் அப்பா சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் யாரும் காது கொடுத்துக் கேட்டதாக நினைவில்லை, ஆனாலும் எப்படியோ உள்ளே போயிருக்கிறது.

அப்பா ஆர்டர் கொடுக்கும் கம்பெனியைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வாசலில் மாவிலைத் தோரணமும் வாழைமரமும் கட்டியிருந்தது. உள்ளே பூஜை முடிந்து, வந்தவர்களுக்கெல்லாம் கேசரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி இப்போது பழையவரின் மகன், நாற்பது வயதுக்குள் இருப்பார். என்னை உட்காரவைத்து ஆல்பத்தை விரித்தார். தினசரி, மாத காலண்டர், பிள்ளையார் வடிவிலேயே வெட்டியது, தங்க ஃபாயில் ஒட்டியது, குத்துவிளக்கை மட்டும் தடவிப் பார்த்தால் மேடாகத் தெரிவது. புது அச்சு மையின் வாசனை வந்தது. எங்கள் கடையில் அந்த வாசனை போய்ப் பல வருஷம் ஆகிறது. ஃபிளெக்ஸுக்கு வேறு நாற்றம்.

"முசிறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கம்பெனியின் பழைய கணக்குப்பிள்ளை. வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் ஆடி 18 பூஜைக்கு மட்டும் வந்துவிடுவாராம். எண்பதைத் தாண்டியிருப்பார், வேட்டியில் மஞ்சள் வைத்து வந்திருந்தார்.

"முசிறி பிரஸ்கார அண்ணாச்சி மகளா நீ? வா தாயி. அவுக தவறிட்டாகன்னு லேட்டாத்தான் தெரிஞ்சுச்சு." கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார். "முந்நூறு காலண்டருக்கு வருசா வருசம் நேர்ல வந்த ஒரே ஆளு உங்க அய்யாதான்."

எனக்குப் புரியவில்லை.

"ஆல்பத்தை லாரி பார்சல்ல போட்டுவிட்டுருவோம்லா. அதைப் பார்த்து நம்பர் குறிச்சு போஸ்ட்கார்டுல எழுதிப்போட்டா சரக்கு வந்துரும். ஐயாயிரம் பத்தாயிரம்னு போடுற ஏஜெண்டுக வருவாக, ரேட்டு பேசணும்ல. முந்நூறு போடுறவுக யாரு வருவா? அண்ணாச்சிகிட்ட நானே சொல்லியிருக்கேன், எதுக்கு இம்புட்டுத் தூரம் அலையிறீகன்னு. சிரிச்சுக்கிடுவாக."

ஆர்டர் கொடுப்பது கால் மணி நேர வேலையாம். அதுவும் அதே படம்தான்: கஜலட்சுமி, இல்லாவிட்டால் முருகன். அதன்பிறகு உள்ளே மெஷின் ஓடும் இடத்துக்குப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாராம். "நாலு கலர் மெசின் புதுசா இறங்குன வருசம், காலையில உட்கார்ந்தவுக சாயந்தரம்தான் எந்திரிச்சாக."

நானும் போய்ப் பார்த்தேன். ஒரு முனையில் வெள்ளைத் தாள் நுழைகிறது, மறுமுனையில் முழு லட்சுமி வந்து விழுகிறாள். மணிக்குப் பத்தாயிரம் தாளுக்கு மேல் ஓடும் என்றார் ஓட்டுகிறவர், பெருமைப்படாமல். அப்பாவின் டிரெடில் அச்சு மெஷினைக் காலால் மிதித்து, ஒவ்வொரு தாளாகக் கையால் வைத்து எடுக்க வேண்டும். மணிக்கு ஆயிரம் ஓடினாலே பெரிய விஷயம். அதற்கு முன்னால் அச்சுக்கோர்க்க வேண்டும். இடது கையில் எழுத்தை அடுக்குகிற ஸ்டிக், வலது கை கேஸில், அதாவது குழி குழியான எழுத்துப் பெட்டியில், எழுத்தை எடுக்கும், கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். எந்தக் குழியில் எந்த எழுத்து என்று விரலுக்குத் தெரியும். கோர்த்த வரியைத் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் படிப்பார், நாம் பேப்பர் படிக்கிற வேகத்தில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எழுத்துப் பிரிக்கிற வேலை என்னுடையது. மண்ணெண்ணெய்த் துணியால் மையைத் துடைத்து ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் போட வேண்டும். 1978-இல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது, தும்பிக்கை வைத்த பழைய ணை, லை, னை அச்சுகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக வாங்கியிருக்கிறார். பழையதை எடைக்குப் போட மனசில்லாமல் ஒரு டால்டா டப்பாவில் வைத்திருந்தார். நாங்கள் அதில்தான் கடை விளையாட்டு விளையாடுவோம்.

அவருக்குப் பிழை மட்டும் ஆகாது. அவர் இறந்த அன்று தம்பியே உட்கார்ந்து கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் செய்தான். அழுதுகொண்டே செய்தான் பாவம். 'பிராத்திக்கிறோம்' என்று, ர் இல்லாமல், எட்டடிக்கு வாசலில் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை.

சரி, கணக்குப்பிள்ளைக்கு வருகிறேன். கிளம்பும்போது அவர் சொன்னதுதான் உச்சம். "உங்க அம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்? அந்தப் புளிசோறு! அண்ணாச்சி பொட்டலத்தை எங்ககிட்ட கொடுத்துருவாக. அவுகளுக்கு விருதுநகர்ல புரோட்டா சாப்பிட்டாத்தான் பயணம் வந்த மாதிரி. வரும்போது ஒண்ணு, போகும்போது ஒண்ணு."

தெருவில் வந்து நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். முதலில் அவள் கதை: ஆற்றில் வெள்ளம், படித்துறையில் கயிறு கட்டி யாரையும் இறங்கவிடவில்லை, போலீஸ் நிற்கிறது, மேலேயே நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டு மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் என் கதையைச் சொன்னேன். புரோட்டாவைச் சொன்னபோது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ராத்திரி மூணு மணிக்கு எழுந்து கிண்டுவேன்டி" என்றாள். அப்புறம், "வேலை இல்லாமத்தான் போனார்னா என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இன்று இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது. ஆனால் அம்மா கேட்டது நியாயம். அவளுக்கு நாலு நாள் யார் கொடுத்தார்கள்?

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை. ஸ்ரீவில்லிபுத்தூர்

சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் இருபது கிலோமீட்டர் சொச்சம். அதற்கு இன்று எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆடி அமாவாசை என்றால் சதுரகிரி என்பதை மறந்துவிட்டுத் திட்டம் போட்டால் இதுதான் கதி. மலையேறுகிற ஜனம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குப் போகிறது. வந்த பஸ்ஸெல்லாம் படிக்கட்டு வரை ஆள். தலையில் துண்டு, தோளில் பை, கையில் கம்பு. மூன்றாவது பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றேன். உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கூடவே ஒரு கை பொரிகடலையும் கொடுத்தார். "மலைக்கா?" என்றார். பால்கோவாவுக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், "கோயிலுக்கு" என்றேன்.

முசிறியில் தம்பி படித்துறைக்கு மேலேயே ஐயரை வைத்து அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டுப் படம் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்த இடத்தில் எனக்கு முன்னால் பால்கோவாக் கடை. இந்தப் பயணமே இப்படித்தான் இருக்கிறது.

ஆண்டாள் கோயில் கோபுரத்தை நேரில் இன்றுதான் பார்த்தேன். அரசாங்க முத்திரையில் இருக்கிற அதே கோபுரம், பதினோரு நிலை, 192 அடி. சின்ன வயதில் எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் அப்பா அந்த முத்திரையில் விரலை வைத்து, "இதுக்குக் கீழ நின்னு பார்க்கணும், கழுத்து வலிக்கும்" என்பார். வலித்தது. இன்னும் மூன்று நாளில் ஆடிப்பூரத் தேர். தேரடியில் பெரிய தேரைச் சுற்றிச் சாரம் கட்டி அலங்கார வேலை நடந்துகொண்டிருந்தது. வெயில் வேறு, காற்று வேறு. தேர்ச்சீலை ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு போனது. கீழே நின்ற மேஸ்திரி யாரைத் திட்டுகிறோம் என்றில்லாமல் பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடையும் 'ஒரிஜினல்' ஆகிவிட்டது. ஒரு கடையின் பின்கட்டில் கிண்டுவதைப் பார்க்க விட்டார்கள். அகன்ற இரும்புக் கடாய், விறகு அடுப்பு, பாலும் சர்க்கரையும், வேறெதுவும் இல்லை. ஒருவர் நீளக் கரண்டியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார், நிறுத்தினால் அடிப்பிடிக்கும். பால் இறுகி ஓரம் விட்டு வரும்போது அவர் வேகம் கூடுகிறது, நம்மோடு பேச்சு நிற்கிறது. சூடாக ஒரு இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். கால் கிலோ 100 ரூபாய். அம்மாவுக்கு ஒரு கிலோவாக வாங்கினேன். அப்பா வருஷா வருஷம் கால் கிலோதான் வாங்கி வருவார், எங்கள் ஐந்து பேருக்கும். இங்கேயே எவ்வளவு சாப்பிட்டுவிட்டு வந்தார் என்பது ஆண்டாளுக்கே வெளிச்சம்.

மத்தியானம் லாட்ஜில் தூங்கிவிட்டேன். அப்பாவும் இந்த ஊரில் மத்தியானம் தூங்குவார் என்று கணக்குப்பிள்ளை சொல்லியிருந்தார். கடையில் அவர் உட்கார்ந்தபடிகூடக் கண் அசந்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள். சாத்தூர், கோவில்பட்டி

சாத்தூரில் சேவு வாங்கிக்கொண்டு கோவில்பட்டி போய் ரயில் பிடிப்பதாகத் திட்டம். சேவுவரை சரியாக நடந்தது. காராச்சேவு, பூண்டு தூக்கலாக, அரைக்கிலோ 140 ரூபாய். பொட்டலம் கட்டுவதற்குள் கடைக்காரம்மா கையில் ருசி பார்க்கக் கொடுத்ததே ஒரு வேளைச் சாப்பாடு.

கோவில்பட்டிக்கு ஏறிய பஸ் ஊருக்குள் போகாது என்பதை ஏறும்போது சொல்லவில்லை. நாற்கரச் சாலையில் பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, "ஆட்டோ நிக்கும்" என்றார் கண்டக்டர். நிற்கவில்லை. இரண்டு பை, ஒரு கிலோ பால்கோவா, மத்தியான வெயில். அந்த வழியாகக் கடலைமிட்டாய் ஏற்றிப் போன ஒரு டாட்டா ஏஸ் டிரைவர், "ஊருக்குள்ளயா? ஏறுங்கக்கா" என்று முன் சீட்டில் இடம் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு ஊர்ப் பெருமை முழுக்கக் கேட்க வேண்டியிருந்தது. கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு வந்தது, வெல்லப்பாகு பதம் ஒரு நொடி தப்பினால் பல்லில் ஒட்டும், மற்ற ஊர்க்காரர்கள் போடுவது மிட்டாயே இல்லை.

எனக்குக் கோவில்பட்டியில் வேறு காரணம் இருந்தது. அப்பா வருஷா வருஷம் தேர்ந்தெடுத்த அந்தக் கஜலட்சுமி ஓவியம் கொண்டைய ராஜு வரைந்தது. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, கொஞ்ச காலம் ரமணாசிரமத்தில் இருந்து, அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனவர். கம்பெனி இந்த ஊரில் கலைந்ததும் இங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் இங்கே இருந்து வரைந்ததைத்தான் பக்கத்திலுள்ள சிவகாசி அச்சடித்து நம் வீட்டுச் சுவருக்கெல்லாம் அனுப்பியது. 1976-இல் காலமானார். எங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே இருக்கும் படத்தின் மூலையில் அவர் கையெழுத்து சின்னதாகத் தெரியும். அவர் வாழ்ந்த தெருவை விசாரித்தேன். இரண்டு பேர் இரண்டு திசை காட்டினார்கள், மூன்றாமவர் யார் அது என்று கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு அதற்குமேல் அலையத் தெம்பில்லை. கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

இரவு ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது சிவகாசியிலிருந்து புரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. தினசரி காலண்டர், கஜலட்சுமி, 300, ஒன்று 42 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கீழே கடையின் பெயரும் விலாசமும். பழைய ஆர்டரிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், பிறகு கடைசி வரியிலிருந்து மேலே மேலே படித்தேன். அப்படிப் படித்தால்தான் பிழை கண்ணில் படும் என்பது அப்பா சொன்னது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கடையின் லேண்ட்லைன் நம்பர் இருந்தது. அந்த இணைப்பைத் துண்டித்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

தம்பிக்கு அனுப்பினேன். விலையில் ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லியிருக்கலாம் என்றான். லேண்ட்லைனை எடுத்துவிடச் சொன்னான். அந்த இடத்தில் ஜிபே க்யூஆர் போட்டுவிடலாமா என்று கேட்டான். போடச் சொன்னேன்.